அவையச்சமும் பேச்சுப் பயிற்சியும்

இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1891இல் தாயகம் திரும்பிய காந்தியடிகள், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கை நடத்த எழுந்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டிய வேளையில் தலை சுற்றியது. ஒரு வினாவும் எழவில்லை. கட்டணமாகிய 30 ரூபாயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு கூறி அமர்ந்துவிட்டார். அவரே 1893இல் பிரிட்டோரியாவில், இந்திய வணிகர் கூட்டத்தில், வாணிபத்தில் வாய்மை என்னும் பொருள்பற்றித் தம் வாழ்வின் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். பொருளை முன்னரே ஆய்ந்து ஆயத்தமாகச் சென்றிருந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

பலர்முன் எழுந்து நிற்பவரின் உடலில் நிகழ்வது யாது? சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இருதயம் விரைந்து துடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நா வறள்கிறது. ஆபத்து நேருங்கால் எதிர்க்கவோ ஓடவோ உடலை ஆயத்தம் செய்யும் இயற்கை ஏற்பாடே இது. இதனைக் கோழைத்தனம் என்பது தவறு.

அவையோர் முன்னிலையில், நன்கு பழகிய செயல் மேலும் செம்மையுறும்; பழகாத செயல் மேலும் தடுமாறும் என்பதை 1965இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ராபர்ட் ஸயான்ட்ஸ் எடுத்துரைத்தார். 1969இல் அவரும் உடனாய்வாளரும் கரப்பான் பூச்சிகளைக் கொண்டு இதனைச் சோதித்தனர். பிற கரப்பான்கள் சூழ்ந்திருந்தபோது நேர்வழியில் அவை விரைந்தோடின. சிக்கலான வழியிலோ தாமதித்தன. இவ்வுவமை சிலருக்கு உவப்பளியாமற் போகலாம். ஆயினும் முதன்முறை மேடையேறியவர் எவரும் இதனை எளிதில் மறுக்கமாட்டார்.

பயிற்சி என்பது குறிப்பை மௌனமாகப் படிப்பதன்று. நெல் விதைத் தேர்வைச் செய்துகாட்டச் செல்லும் களப்பணியாளரை எண்ணுக. முட்டை மிதக்கும்வரை நீரில் உப்பைக் கரைத்து, விதையை இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதை நல்ல நீரில் கழுவவேண்டும். உப்புக் கரையும்வரை கூட்டத்தில் நிலவும் அமைதியே புதியவரை மிகவும் கலங்கச் செய்வது. அவ்வமயம் கூறவேண்டியதை முன்னரே முடிவு செய்திருத்தல் நலம். முதல் நாள் மாலை, உண்மையான பாத்திரமும் உப்பும் கொண்டு, இரண்டு நண்பர்கள்முன் கை இயங்க வாயும் இயங்கிப் பழகவேண்டும். அவர் தடுமாறின், உழவர் ஐயுறுவது அவரையன்று. அவர் கூறும் முறையையே.

தொடக்க வாக்கியங்கள் இரண்டை மட்டும் மனனம் செய்தாற் போதும். முழுவதையும் மனனம் செய்தவர், ஒரு சொல் மறந்தவுடன் அனைத்தையும் இழப்பதுண்டு.

பள்ளியில் கூச்சமுள்ள மாணவனைத் திடீரென ஆண்டுவிழா மேடையில் ஏற்றுதல் தீங்கு. அவன் அங்கே பழகுவது அச்சத்தையே. முதலில் மூவர்முன், பின்னர்ப் பதின்மர்முன், அதன்பின் வகுப்பு முழுவதற்கும் என்று பேசச் செய்யலாம்.

தம் நடுக்கம் வெளியே தெரிவதாகப் பேசுவோர் எண்ணும் அளவுக்கு அவையோர் அதனைக் காண்பதில்லை என்பதை 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இதனை முன்கூட்டி அறிந்தவர்கள் மேலும் நன்றாகவே பேசினர். நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது கையிலுள்ள மெல்லிய தாள்தான். குறிப்பைத் தடித்த அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளலாம்.