ஏறின கியர்லயே இறங்கணும்

டிசம்பரில் சேலத்துக்காரர் யாராவது "ஏற்காட்ல பனி கொட்டுது" என்றால் அது மூடுபனி. முன்னால் போகிற பைக்கின் சிவப்பு விளக்கு தெரியாது, அவ்வளவுதான். சேர்வராயன் மலை உச்சியே 1,623 மீட்டர், நிஜப் பனி இங்கே விழ வழியே இல்லை. அதனால் என் ரூம்மேட் "பிப்ரவரில குல்மார்க் போய் ஸ்னோபோர்டிங் கத்துக்கப் போறேன்டா" என்றபோது, அதற்கும் ஏற்காட்டுக்கும் சம்பந்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வந்தது, அவனுடைய இடது முட்டியால்.

இரண்டு வருஷம் முன்னாடி ஃபுட்பால் ஆடும்போது அந்த முட்டியில் லிகமென்ட் பாதி கிழிந்தது. ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிட்டது. ஆனால் தொடை மெலிந்தது மெலிந்ததுதான். பிசியோதெரபிஸ்ட் ஒரே நிபந்தனை வைத்தார்: ஒற்றைக்காலில் தாண்டிப் பார், இடது கால் தாண்டுகிற தூரம் வலது காலின் 90 சதவீதத்தைத் தொட்டால் போ. நவம்பரில் ஹாஸ்டல் வராண்டாவில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தோம். வலது 1.35 மீட்டர், இடது 0.92. அதாவது 68 சதவீதம்.

ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் குறுக்குவாக்கில் பூட்டியிருக்கும். பனிச்சறுக்கில் தனித்தனிப் பலகை என்பதால் ஒரு கால் ஒரு பக்கமும் இன்னொரு கால் வேறு பக்கமும் போய் முட்டி திருகும். ஸ்னோபோர்டில் அந்த ஆபத்து குறைவு, புதுசாகக் கற்பவர்களுக்கு அடிபடுவது பெரும்பாலும் மணிக்கட்டில்தான். ஆனால் லிஃப்டில் ஏறி இறங்க பின்காலை மட்டும் கழற்றிவிடுவார்கள். அப்போது விழுந்தால் முன்காலோடு பூட்டிய பலகை ஒரு நெம்புகோல். அது திருப்புகிற பக்கம் முட்டி திரும்பும். நிறைய பேருக்கு இடது கால்தான் முன்கால். நம்ம ஆளுக்கும்.

"அப்போ வலதை முன்னாடி வெச்சுக்கோ" என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஆழமான பனியில் அதற்கும் விலை உண்டு. குளிரில் புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோகூட இருக்காது, பஞ்சு மாதிரி. அதில் பலகையின் மூக்கு முங்கிவிடாமல் இருக்க உடம்பைப் பின்னால் சாய்க்கணும். வெயில் பட்டு ஈரமான பனி இரண்டு மூன்று மடங்கு கனம். அதில் பலகை திடீரென்று இழுபடும், உடம்பு மட்டும் முன்னால் போகும்.

பின்னால் சாய்வது எவ்வளவு செலவு என்று மெக்கானிக்ஸ் வாத்தியார் சொல்லித்தந்த மாதிரியே கணக்குப் போட்டோம். 60 கிலோ ஆள், அதாவது சுமார் 600 நியூட்டன். முட்டி மடங்கி, எடை விழும் கோடு முட்டிக்கு 15 சென்டிமீட்டர் பின்னால் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திருப்புவிசை 90 நியூட்டன் மீட்டர், காலுக்கு 45. இதைத் தாங்கும் முன்தொடைத் தசைக்கு முட்டியில் கிடைக்கிற கை நீளமோ நாலரை சென்டிமீட்டர்தான். ஆக ஒவ்வொரு தொடையும் 1,000 நியூட்டன், ஏறக்குறைய 100 கிலோ இழுக்கணும். எடையில் முக்கால் பங்கு பின்காலுக்குப் போனால் அந்த ஒரு தொடைக்கு மட்டும் 150 கிலோ. சும்மா நிற்பதற்கே இவ்வளவு, மேடுபள்ளம் தனி.

இதற்கு நல்ல பொறியியல் தீர்வு ஒன்று இருக்கிறது. பலகையில் கால்பூட்டுகளுக்கு வரிசையாகத் திருகுத் துளைகள் இருக்கும். இரண்டு பூட்டையும் ஒரு துளை பின்னால் தள்ளி மாட்டினால் மூக்கு தானாகவே மேலே நிற்கும். உடம்பு அவ்வளவாகச் சாய வேண்டாம். ஸ்பேனர் வேலை, ஐந்து நிமிஷம்.

மிச்சத்தைத் தொடைதான் தாங்கணும். எப்படிப்பட்ட தொடை என்பதில்தான் ஏற்காடு வருகிறது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் பஸ் டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: ஏறின கியர்லயே இறங்கணும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் மிதித்தால் அடிவாரம் வருவதற்குள் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். உடம்பிலும் அதே கதை. 60 கிலோ ஆள் ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் 6 லட்சம் ஜூல் எங்கேயாவது போய்த் தீரணும். முன்தொடைத் தசை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து அதைச் சூடாக்கிக் கழிக்கிறது. அதுதான் எஞ்சின் பிரேக். அது சோர்ந்தால் அதிர்ச்சி முட்டியின் குருத்தெலும்புக்கும் லிகமென்ட்டுக்கும் போகும். ஸ்னோபோர்டிங் முழுக்க முழுக்க இறக்கம். ஏறிப் பழகினால் மூச்சு வரும், இந்தப் பிரேக் வராது.

இப்படிப்பட்ட வேலைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. முதல் தடவை இரண்டு நாள் கழித்து உயிர் போகும். சில வாரத்துக்குள் அதையே மறுபடி செய்தால் வலி பாதிகூட இருக்காது, தசை பழகிவிடும். குல்மார்க்கில் பட வேண்டிய வலியை இங்கேயே பட்டுவிடலாம் என்பதுதான் திட்டம்.

முதல் இரண்டு வாரம் சேர்வராயன் கோவிலிலிருந்து ஒண்டிக்கடை ரவுண்டானா வரை மட்டும் இறங்கினோம். காயம்பட்ட காலுக்கு அந்த இறக்கம் போதும். பிறகு விடியற்காலையில், வண்டி குறைவாக இருக்கும்போது, மலைப்பாதையில் 20ஆம் வளைவிலிருந்து 16 வரை, அடுத்த வாரம் 12 வரை. (காட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்க ஆசைப்பட்டால் வனத்துறை அனுமதி வாங்கணும். 2018 குரங்கணி தீக்குப் பிறகு இதில் விளையாட முடியாது.) சின்ன அடி, முட்டி லேசாக மடங்கியே இருக்கணும், பாதம் 'தொப்'பென்று சத்தம் போடக்கூடாது. துணைக்குப் போன எனக்குத்தான் முதலில் முட்டி நடுங்கியது என்பதை அவன் எழுதச் சொன்னான்.

வாரநாளில் ஹாஸ்டல் படிக்கட்டு. ஒரு படியில் இடது காலில் நின்று, வலது குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை நாலு எண்ணி மெதுவாக இறங்கணும், ஏறும்போது இரண்டு காலும் போடலாம். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் அது இடுப்புத் தசை வீக். தோப்புக்கரணமும் அப்படித்தான், பிள்ளையாருக்குப் போடுகிற வேகத்தில் பிரயோஜனம் இல்லை, இறங்க நாலு நொடி ஆகணும். மல்லாந்து படுத்துக் குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது பின்தொடைக்கு. முன்தொடைக்கே எல்லா நேரத்தையும் கொடுப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமல் பிடித்து லிகமென்ட்டுக்குத் துணை நிற்பது அந்தப் பின்தொடைதான். முட்டி வீங்கினாலோ மாட்டிக்கொண்டாலோ அன்றைக்கு லீவு, தசை வலிக்கு லீவு கிடையாது.

போன ஞாயிறு மறுபடி அளந்தோம். வலது 1.38, இடது 1.20. 87 சதவீதம். கோர்ஸுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, ரயில் டிக்கெட்டும் கன்ஃபர்ம். "மூணு சதவீதம்தானே மச்சி" என்கிறான். பூட்டைப் பின்னால் தள்ளி, வலதை முன்கால் ஆக்கி, லிஃப்ட் ஆபத்தைத் தவிர்த்துவிடலாம் என்று பேப்பரில் வரைந்துகூடக் காட்டினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் மூணு ஞாயிறு இருக்கு, வராண்டாவில் சாக்பீஸ் கோடும் அழியாமல் இருக்கு.