துருவ வானமும் தேசங்களின் ஒற்றுமையும்

1983-ம் வருஷம் கானடாவின் லாப்ரடார் பிரதேசத்திலுள்ள கூஸ் பே என்னுமிடத்தில் ஒரு ரேடார் வேலை தொடங்கிற்று. அது விமானங்களைத் தேடவில்லை. துருவத்தின் மேல் வாயுமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற வாயு ஓடும் வேகத்தை, ரேடியோ அலைகளின் எதிரொலியைக் கொண்டு கணித்தது. இன்று 30-க்கு மேற்பட்ட ரேடார்கள் இருதுருவ வானத்தையும் இவ்வாறு ஆராய்கின்றன.

இதனால் என்ன பிரயோஜனம் என்பார் உளர். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனி ஏவிய 49 செயற்கைக் கோள்களில் சுமார் 40 வீழ்ந்தழிந்தன. காந்தப் புயலால் மேல் வாயுமண்டலம் சூடேறித் தடித்ததே காரணம். அந்த மின்சக்தி பெரும்பாலும் துருவங்களின் வழியாகவே இறங்குகிறது.

ஒரு ரேடார் தன்னை நோக்கியோ தன்னை விட்டு விலகியோ செல்லும் வேகத்தை மட்டுமே அறியும். வேறு திசையிலிருந்து மற்றொன்றும் பார்த்தால்தான் ஓட்டத்தின் உண்மையான திசை புலப்படும். ஆகவேதான் அரசியலில் பிணங்கி நிற்கும் அமெரிக்காவும் சீனாவும், ஜப்பான், பிரிட்டன், தென்னாப்பிரிக்கா முதலிய தேசங்களுடன் இம்முயற்சியில் சேர்ந்திருக்கின்றன. இது தயவன்று, அவசியம். பொது ஞானத்திற்குத் தன் பங்கைச் செலுத்துவது எந்தத் தேசத்தின் சுதந்திரத்திற்கும் குறைவாகாது. அதுவே அதற்குப் பெருமை என்பது நமது துணிபு.