ஏன் அவர்கள் தண்ணீர் அடிக்கவில்லை?

வில்லாவுட் என்று சொன்னவுடன் எங்கள் ஆட்கள் கேட்பது தடுப்பு முகாமைப் பற்றித்தான். "அதுக்குப் பக்கத்திலயா வீடு?" என்பார்கள். பக்கத்தில்தான். ஆனால் இங்கே குடியிருப்பவர்களுக்கு வில்லாவுட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு: களஞ்சியங்கள், பட்டறைகள், இரவிலும் ஓடும் பெரிய லொறிகள். கிறிஸ்டினா வீதியில் ஒரு காலத்தில் டி.டி.டி. பூச்சிக்கொல்லி தயாரித்த இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. அது மூடிப் பல வருடங்களுக்குப் பிறகும் அந்த மண்ணைச் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. வீட்டு விலை கொஞ்சம் குறைவாக இருப்பதற்கு இதெல்லாமும் காரணம் என்று நினைக்கிறேன். நாங்கள் இங்கே வாங்கினதும் அந்த விலைக்காகத்தான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு களஞ்சியத்தின் வாசலில் பீப்பாய் ஒன்று உடைந்து ஏதோ திரவம் வீதியில் ஓடியது. மூக்கை அரிக்கிற மணம். தீயணைப்பு வண்டி வந்தது, பிறகு இன்னொன்று, அதன் பிறகு உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு இரண்டு பேர். ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளே இருக்கச் சொன்னார்கள். அம்மா பதறிப்போய், "என்ன தம்பி, காஸ் வெடிச்சுப்போச்சோ? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுவமா?" என்று கேட்டார். எட்டு வயது மகன் கண்ணாடியோடு ஒட்டி நின்று பார்த்துவிட்டு அரைத் தமிழில் கேட்டான்: "அப்பா, ஃபயர் பிரிகேட்தானே? ஏன் அவங்கள் தண்ணி அடிக்கேல்லை?"

நல்ல கேள்வி. அவர்கள் செய்தது நேர்மாறானது. முதல் வேலையாக வீதியோர மழைநீர் வடிகாலின் வாயை மூடினார்கள். பிறகு உறிஞ்சும் தூளைக் கரைபோலக் கொட்டி, திரவம் அதற்கு மேல் போகாமல் மறித்தார்கள். இரண்டு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, இரவு இருந்து தேடி வாசித்தேன்.

சிட்னியில் வீட்டுக் கழிவுநீர் ஒரு குழாயில் போகிறது, மழைநீர் வேறொரு குழாயில் போகிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் போய்விடும். வீதியில் கொட்டியதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால், ஒரு களஞ்சிய வாசலில் நிற்கிற நஞ்சை நாங்களே ஆற்றுக்கு அனுப்பியதாகிவிடும்.

எதைக் கழுவலாம், எதைக் கழுவக்கூடாது என்பதை அவர்கள் அந்த இடத்தில் நின்று ஊகிப்பதில்லை. எரிபொருள் லொறியின் பின்பக்கம் ஒரு பலகை இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? பெற்றோல் லொறி என்றால் 1203 என்ற எண்ணும், பக்கத்தில் '3 வை ஈ' என்ற ஆங்கிலக் குறியீடும் இருக்கும். 1203 என்பது பெற்றோலுக்கு ஐக்கிய நாடுகள் முறையில் கொடுத்த எண். 3 என்றால் நுரை அடிக்க வேண்டும். 'வை' என்ற ஒரே எழுத்தில் மூன்று செய்தி: வெடிக்கவோ கடுமையாகத் தாக்கமடையவோ கூடும், சுவாசக் கருவி போட வேண்டும், வடிகாலுக்குள் போகவிடாமல் மறிக்க வேண்டும். கடைசி 'ஈ' என்றால் சுற்றியுள்ள மக்களை அப்புறப்படுத்துவதைப் பற்றி யோசிக்க வேண்டும். குளோரினுக்கு '2 எக்ஸ் ஈ': மெல்லிய தண்ணீர்த் தூவல், முழு இரசாயன உடுப்பு, மறித்து வைத்தல். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நாங்கள் இருபது பக்கத்தில் எழுதி யாரும் வாசிக்காமல் விடுவதை, இவர்கள் மூன்று எழுத்தில், ஓடுகிற லொறியில், புகைக்குள்ளும் தெரியும்படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் நிலத்தில் நடக்கும் இரசாயன விபத்துகளுக்குப் பொறுப்பு தீயணைப்பு மற்றும் மீட்புப் படை. சாதாரண தீயணைப்பு வண்டியிலேயே முதற்கட்டச் சாமான்கள் இருக்கும். பெரிதானால் 'ஹஸ்மட்' என்ற சிறப்புப் பிரிவு வரும். அதன் தளம் கிரீனேக்கரில், எங்களுக்குக் கொஞ்சத் தூரத்தில்தான் இருக்கிறது. அவர்களோடு விஞ்ஞான அதிகாரிகளும் வேலை செய்கிறார்கள். சிட்னித் துறைமுகத்துக்குள் எண்ணெய் கொட்டினால் துறைமுக அதிகாரசபை. 1999 ஆகஸ்ட் 3 அன்று கோர் பே முனையத்தில் லாரா டமாட்டோ என்ற இத்தாலியக் கப்பலிலிருந்து சுமார் 300 தொன் மசகு எண்ணெய் துறைமுகத்துக்குள் கொட்டியது இங்கே வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். வெளிக்கடலுக்கு அவுஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு அதிகாரசபை. யார் பொறுப்பு என்பது விபத்துக்கு முன்பே எழுதி வைத்த விஷயம்.

இந்த ஒழுங்கும் சும்மா வந்ததல்ல. 2011 ஆகஸ்ட் 8 அன்று நியூகாசிலுக்குப் பக்கத்தில் கூராகாங் தீவில் ஒரிக்கா ஆலையிலிருந்து நச்சுக் குரோமியம் வெளியேறி ஸ்டொக்டன் வீடுகள் வரை பறந்தது. நிறுவனம் அரசாங்கத்துக்கு அறிவித்தது அடுத்த நாள், ஏறத்தாழ 16 மணித்தியாலம் கழித்து. அங்கே வசித்தவர்களுக்குத் தெரிய இன்னும் நேரம் எடுத்தது. பிள்ளைகள் அதற்குள் வெளியில் விளையாடி முடித்திருப்பார்கள். அதன் பிறகுதான் சட்டத்தை மாற்றி, 'உடனே' அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஸ்டொக்டன் குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன.

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்குச் சுன்னாகம்தான் நினைவில் வந்தது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். கீழே சுண்ணாம்புக்கல், ஒரு இடத்தில் ஊறியது எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மின் நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் கலந்தபோது, அதை முதலில் கண்டுபிடித்தது எந்தச் சிறப்புப் படையும் அல்ல, வாளியைத் தூக்கி மணந்து பார்த்த சனங்கள். 2015இல் வழக்குப் போனது. 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. காசு வரலாம். கிணறு?

சென்னையிலும் இதே கதைதான். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கடலோரக் காவல்படை இருந்தது, தேசியத் திட்டமும் இருந்தது. ஆனால் கரையில் ஒதுங்கிய தார் போன்ற எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளியதைத்தான் உலகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் படகில் நின்று கையால் அள்ளினார்கள். அவர்கள் துணிவைப் புகழ்ந்து செய்தி போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கையுறைகூட இல்லாமல் அவர்களை ஏன் இறக்கினீர்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, எங்கள் வீடுகளுக்கு வருவோம். பகலில் பிள்ளைகளோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான். மூன்று சைபரை அழைத்து "ஃபயர்" என்று ஒரு சொல், பிறகு "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வைக்காமல் லைனில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கச் சொன்னால் காரை எடுக்கக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டம், ஓடித்தான் பழக்கம். ஜன்னல், கதவு மூடி ஏசியை நிறுத்துங்கள். மெல்பேர்னில் கூரையில் ஈரக் குளிரூட்டி வைத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது, அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற இயந்திரம். 2018 ஆகஸ்ட் 30 அன்று வெஸ்ட் ஃபுட்ஸ்கிறே களஞ்சியம் எரிந்து மேற்கு மெல்பேர்னைப் புகை மூடியபோது அங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து இல்லாத கசிவு, ஓடையில் எண்ணெய்ப் படலம் போன்றவற்றுக்கு இங்கே சுற்றாடல் பாதுகாப்பு ஆணையத்தின் இலக்கம் 131 555, விக்டோரியாவில் 1300 372 842. பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையம் 13 11 26. கராஜில் கிடக்கும் பழைய எஞ்சின் எண்ணெய், பெயின்ட், பூச்சிமருந்தை நியூ சவுத் வேல்ஸில் இலவசமாகவே வாங்கிக்கொள்ளும் நாட்கள் உண்டு. கவுன்சிலைக் கேட்டால் திகதி சொல்வார்கள். எங்கள் கராஜில் மட்டும் பதினொரு டின் இருந்தது. இரண்டின் மேல் என்ன எழுதியிருந்தது என்றே வாசிக்க முடியவில்லை. அவற்றை இறக்கும்போது அங்கே நின்ற பெண் முதலில் கையுறையை மாட்டிக்கொண்டுதான் தொட்டார்.