உங்க தெரு மேப்ல இருக்கா? 2015 வெள்ளத்தில் கைகொடுத்த ஓப்பன் சோர்ஸ்

பெருமழை பிடித்தால் எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் போனில் கேட்கிற முதல் கேள்வி, "உங்க தெருவுல தண்ணி நிக்குதா?" ராயபுரத்தில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிறவருக்கு 'சென்னையில் கனமழை' என்ற செய்தி போதாது. எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தெரிய வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அதற்கு வழி செய்தது ஓர் இணைய வரைபடம். மேப்பாக்ஸ் நிறுவனத்தில் இருந்த அருண் கணேஷ் முன்னெடுத்தது. தண்ணீர் நிற்கும் தெருவை மேப்பில் தொட்டால் அதன் நிறம் மாறும். பார்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்துவிட்டார்கள்.

அவ்வளவு சீக்கிரம் எப்படி? பெரிய வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. 2004-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், விக்கிப்பீடியா மாதிரி தன்னார்வலர்கள் வரையும் வரைபடம். மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம். புதிதாகத் தேவைப்பட்டது, தொட்ட தெருவைச் சேமித்து நிறம் மாற்றும் சின்ன நிரல்தான். அதையும் கிட்ஹப்பில் பொதுவில் வைத்தார்கள்.

2018 கேரள வெள்ளத்தில் உதவி கேட்போரின் விவரங்களைத் திரட்டிய கேரளா ரெஸ்க்யூ தளமும் இப்படித்தான் வளர்ந்தது. ஒருவர் பிழையைச் சொல்வார்; முன்பின் தெரியாத இன்னொருவர் திருத்தி 'புல் ரிக்வெஸ்ட்' அனுப்புவார்; பொறுப்பாளர்கள் சரிபார்த்துச் சேர்ப்பார்கள்.

கிட்ஹப்பில் போட்டாலே ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. எம்.ஐ.டி., ஜி.பி.எல். போன்ற உரிமம் இணைக்காவிட்டால் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். மற்றவர்கள் எடுத்தாள முடியாது. ஏபிஐ கீயை நிரலுக்குள் வைத்தே அப்லோடு செய்வது இன்னொரு தப்பு. அனுபவசாலிகளும் செய்கிறார்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிப்புகளில் அது அப்படியே இருக்கும். உடனே அந்தக் கீயை ரத்து செய்துவிட வேண்டும்.

ஆனால் எவ்வளவு நல்ல நிரலாக இருந்தாலும், மேப்பில் இல்லாத தெருவைத் தொட முடியாது. கொசஸ்தலை ஆறு கடலில் சேர்வது எண்ணூரில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த வெள்ளம் வந்து மீனவர் வீடுகளிலும் படகுகளிலும் படிந்தது. அங்கே ஒரு சந்து வரைபடத்தில் விடுபட்டிருந்தால், அந்தச் சந்துக்கு வெள்ளமும் இல்லை, உதவியும் இல்லை என்பதுபோல ஆகிவிடும்.

இதைச் சரிசெய்ய கோடிங் தெரிய வேண்டியதில்லை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, உங்கள் தெருவைப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால், தளத்திலேயே தெரியும் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரையலாம். பெயரைத் தெருப்பலகையைப் பார்த்து எழுதுங்கள். கூகுள் மேப்பிலிருந்து காப்பி அடிக்கக் கூடாது. உரிமம் அதை அனுமதிக்காது, சேர்த்ததையும் நீக்கிவிடுவார்கள்.