மணலில் பிறக்கும் போட்டி

விற்பனையகங்களில் அடுக்கப்பட்டுள்ள மடிக்கணினிகள் பல நிறுவனங்களின் பெயர்களைத் தாங்கியுள்ளன. ஆயினும், அவற்றின் விரைவையும் மின்கலம் தாங்கும் நேரத்தையும் பெரிதும் முடிவு செய்வது உள்ளே அமைந்துள்ள நுண்செயலிச் சில்லே ஆகும். மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் சிலிக்கானே அதன் மூலப்பொருள். சில்லை உருவாக்கும் முறை மாறும்போது, கணினிச் சந்தையில் முந்துவோரும் பிந்துவோரும் மாறுகின்றனர்.

சிறுமையின் ஆற்றல்

சில்லின் அடிப்படை உறுப்பு டிரான்சிஸ்டர். மின்னோட்டத்தைச் செல்லவிடவும் தடுக்கவும் வல்ல நுண்ணிய சாவி அது. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி டிரான்சிஸ்டர்கள் இடம்பெற்றன. டிரான்சிஸ்டர் சிறிதாகச் சிறிதாக, அதே பரப்பில் மிகுதியான எண்ணிக்கையில் அவற்றை அமைக்கலாம். ஒவ்வொன்றும் இயங்கத் தேவையான மின்னாற்றலும் குறையும். 7 நானோமீட்டர், 5 நானோமீட்டர் என்று இன்று வழங்கப்படுபவை உற்பத்தித் தலைமுறைகளின் பெயர்களே. உறுப்புகளின் சரியான அளவுகள் அல்ல.

ஒளியால் எழுதுதல்

சிலிக்கான் தகட்டின்மீது ஒளியுணர் பூச்சு பூசி, மின்சுற்றின் வடிவத்தை ஒளியால் பதிக்கின்றனர். தடித்த தூரிகையால் நுண்கோடு வரைய இயலாதது போல, அலைநீளம் மிகுந்த ஒளியால் மிக நுண்ணிய வடிவங்களைப் பதிப்பது கடினம். நெடுங்காலம் 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியே பயன்பட்டது. இப்போது 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரும் பயன்படுகிறது. உருகிய வெள்ளீயத் துளிகள்மீது நொடிக்கு 50,000 முறை லேசர் கதிரைப் பாய்ச்சி இதனை உண்டாக்குகின்றனர். காற்றும் இக்கதிரை உறிஞ்சிவிடும் என்பதால் பணி வெற்றிடத்தில் நடைபெறுகிறது. இவ்வகை எந்திரங்களை உருவாக்கி விற்பனை செய்யும் ஒரே நிறுவனம் நெதர்லாந்து நாட்டின் ஏஎஸ்எம்எல் ஆகும்.

வடிவமைப்பு வேறு, உற்பத்தி வேறு

முன்னர், பெரிய நிறுவனங்கள் தம் சில்லுகளைத் தாமே வடிவமைத்துத் தம் ஆலைகளிலேயே உருவாக்கின. 1987இல் மோரிஸ் சாங் என்பவர் தைவானில் தொடங்கிய டிஎஸ்எம்சி நிறுவனம் புதுவழி கண்டது. பிறர் வடிவமைத்த சில்லுகளை உருவாக்கித் தருவதே அதன் தொழில். இதனால், ஆலை இல்லாதோரும் சில்லுத் துறையில் நுழைய முடிந்தது. இன்டெல்லின் நெடுநாள் போட்டியாளரான ஏஎம்டி, 2009இல் தன் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டு வடிவமைப்பில் கருத்தூன்றியது.

மாறிய வரிசை

இன்டெல் 2016ஆம் ஆண்டளவில் கொண்டுவர எண்ணிய 10 நானோமீட்டர் தலைமுறை, 2019இல்தான் பேரளவில் வெளிவந்தது. பழைய ஒளியைக் கொண்டே மிக நுண்ணிய வடிவங்களைப் பலமுறை பதித்துப் பெற முயன்றதும் அத்தாழ்வுக்கு ஒரு காரணம். அதே 2019இல், டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டர் முறையில் உருவான ஏஎம்டி நுண்செயலிகள் மேசைக்கணினிச் சந்தையில் இன்டெல்லுக்குக் கடும் போட்டியாயின. மறு ஆண்டு, ஆப்பிள் தன் கணினிகளில் இன்டெல் சில்லுகளுக்கு மாற்றாகத் தான் வடிவமைத்த எம்1 சில்லைப் பொருத்தத் தொடங்கியது. அதனை 5 நானோமீட்டர் முறையில் உருவாக்கித் தந்ததும் டிஎஸ்எம்சியே. 2024இல் இன்டெல்லே தன் மடிக்கணினிச் செயலி ஒன்றின் முதன்மைப் பகுதியை அங்கு உருவாக்கிப் பெற்றது.

விரிந்த களம், குறுகிய வாயில்

வடிவமைப்போர் பெருகியதால், விரைவும் மின்சிக்கனமும் கூடிய கணினிகள் பயனருக்குக் கிடைத்தன. ஆனால், போட்டியாளர் பலரும் ஒரே ஆலையின் வாயிலில் காத்து நிற்கும் நிலையும் உருவானது. நிலநடுக்கம் நேரும் தீவான தைவானில் உற்பத்தி தடைப்பட்டால், எதிரெதிரே நிற்கும் நிறுவனங்கள் அனைத்தும் ஒருசேரப் பாதிக்கப்படும். எனவேதான், அமெரிக்கா, ஜப்பான், இந்தியா உள்ளிட்ட நாடுகள் தத்தம் மண்ணில் சில்லு ஆலைகளை அமைக்க முனைகின்றன. நல்ல வடிவமைப்பு போட்டியில் நுழைய உதவும். அதனைப் பிழையின்றி உருவாக்கும் திறன் பல இடங்களில் பரவினால்தான் அப்போட்டி நிலைக்கும்.