கட்டங்களுக்குள் நடக்கும் உடல்

பிக்சல் ஓவியத்தில் ஒரு மனித உருவத்துக்குப் பெரும்பாலும் 16 அல்லது 32 கட்ட (பிக்சல்) உயரமே கிடைக்கிறது. வளர்ந்த மனிதரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை. 16 கட்டத்தில் அதே கணக்கைப் போட்டால் தலைக்கு இரண்டு கட்டம்தான் வரும். கண் வைக்கவே இடம் போதாது. பழைய வீடியோ விளையாட்டு நாயகர்கள் பெருந்தலைக் குள்ளர்களாக இருந்ததற்கு இதுவே காரணம். 1981இல் ‘டாங்கி காங்’ விளையாட்டில் மாரியோவை உருவாக்கிய ஷிகெரு மியமோட்டோ, முடி வரையும் தொல்லையைத் தவிர்க்கத் தொப்பி வைத்தார். மூக்கு தெரிய மீசை வைத்தார். கை அசைவது புலப்பட உடுப்பின் நிறத்தைப் பிரித்தார்.

கோயில் சிற்பிகளுக்கு இந்த அளவுமுறை புதிதல்ல. முகத்தின் நீளத்தைத் தாளம் எனக் கொண்டு, பெருந்தெய்வங்களுக்கு ஒன்பது பத்துத் தாளமும், பிள்ளையாருக்கு ஐந்தும், பூதகணங்களுக்கு நான்கும் வகுத்தார்கள். பிக்சல் ஓவியத்தில் எத்தனை தாளம் என்பது ஓவியரின் விருப்பம். ஆனால் ஒருமுறை தீர்மானித்த அளவு அசைவுப்படத்தின் எல்லா ஃப்ரேமிலும் மாறாமல் இருக்கவேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணை 32 கட்டத்தில் வரைந்தால் ஒரு கட்டம் ஐந்து சென்டிமீட்டர். கால் வீசும் ஃப்ரேமில் ஒரு கட்டம் பிசகினாலும் கால் நீண்டு சுருங்குவது கண்ணில் உறுத்தும்.

நடைக்கு நான்கு நிலைகள் உண்டு. இரு பாதமும் விரிந்து தரையில் படுவது முதலாவது. பாரம் முன்காலில் இறங்கி முழங்கால் மடிவது அடுத்தது. தலை மிகத் தாழும் இடம் இதுதான். பிறகு பின்கால் ஊன்றிய காலைக் கடக்கும். கடைசியில் உடல் உந்தி எழும். இரு காலுக்கும் சேர்த்து எட்டு ஃப்ரேம். புதியவர்கள் காலை மட்டும் ஆட்டிவிட்டு இடுப்பையும் தலையையும் அசையாமல் விடுகிறார்கள். தலை ஒரே ஒரு கட்டம் இறங்கி ஏறினால் போதும், உருவத்துக்கு எடை வந்துவிடும். தரையில் ஊன்றிய பாதம் ஃப்ரேமுக்கு இரண்டு கட்டம் பின்னே போனால் உருவமும் இரண்டு கட்டம் முன்னே போகவேண்டும். இல்லையேல் சறுக்குவதுபோல் தோன்றும்.

இலங்கையின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறைந்த கூடையோடு, அதை நிறுக்கும் மடுவத்துக்குப் போகும் பெண்ணை வரைய இந்தப் பொதுநடை உதவாது. கூடையின் கயிறு தலையில் மாட்டியிருப்பதால் பாரம் பின்னுக்கு இழுக்கும். அதை ஈடுசெய்ய உடல் முன்சாயும், காலடி குறுகும். ஏற்றத்தில் முன்முழங்கால் உயர்ந்து மடியும். இறக்கத்தில் சாய்வு குறையும், முழங்கால் எப்போதும் சற்று மடிந்தே இருக்கும். கூடை உடலோடு ஒட்டினாற்போல் இறங்காமல் ஒரு ஃப்ரேம் பிந்தி இறங்கினால் கொழுந்தின் கனம் தெரியும். கொழுந்து எடுக்கும் அசைவு இதைவிடக் கடினம். விரல் ஒரு கட்டம்கூட இல்லை. ஆகவே முழங்கையும் தோளுமே வேலையைச் சொல்லவேண்டும். கைப்பிடிக் கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிவதற்கு முன் கை சற்றுத் தாழும் ஒரு ஃப்ரேம் கட்டாயம்.

கட்டத்தைவிடச் சிறிய அசைவும் உண்டு. மூச்சு வாங்கும் மார்பைக் காட்டக் கோட்டை நகர்த்தாமல் ஓரத்து நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். 1996இல் வந்த ‘மெட்டல் ஸ்லக்’ விளையாட்டு இவ்வகை நுணுக்க அசைவுகளுக்குப் பேர்போனது.

கண்ணால் பிடிக்கமுடியாத அசைவைப் படம்பிடித்துப் பார்ப்பதே நல்லது. விளையாட்டு வடிவமைப்பாளர் ஜோர்டான் மெக்னர் 1985இல் தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பதிந்து, ஃப்ரேம் ஃப்ரேமாகத் தடம் எடுத்தார். 1989இல் வெளிவந்த அவருடைய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டின் ஓட்டம் அப்படிப் பிறந்தது. இன்று கைபேசியே போதும். ஆனால் தடத்தை அப்படியே பெருந்தலை உருவத்தில் ஏற்றக்கூடாது: கால் குறுகியதால் காலடி நீளத்தையும் அதே விகிதத்தில் குறைக்கவேண்டும். எட்டு ஃப்ரேமுக்கு ஒரு நொடி சாதாரண நடை. கூடைப் பாரத்துக்கு இன்னும் மெதுவாக விடலாம்.