பொச்சாவாமையும் பட்டாசுக் கிடங்கும்: ஓசூர் – கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியை முன்வைத்து
திருக்குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமை பொருட்பாலின் அரசியலில் இடம்பெறுகிறது. மிகுந்த மகிழ்ச்சியால் வரும் மறதி, அளவுகடந்த சினத்தினும் தீது என்பது அதன் தொடக்கக் கருத்து. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தனர். 70 நாள்களில், ஓசூரை அடுத்த கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில், தீபாவளிச் சரக்கு இறக்கும்போது பட்டாசுக் கடை எரிந்தது. தமிழகத்திலிருந்து வேலைக்குச் சென்ற இளைஞர் பலர் மாண்டனர். தொழிலாளியின் விழிப்பு அவர் சுமக்கும் பெட்டியளவினது. கிடங்கின் இடம், இருப்பின் அளவு, வெளியேறும் வழி ஆகியவற்றை உரிமையாளரும் உரிமம் வழங்குவோருமே தீர்மானிக்கின்றனர். எனவே, செங்கோன்மைக்கு முன் நிற்கும் இவ்வதிகாரம் உணர்த்தும் விழிப்பு தனிமனிதப் பண்பு மட்டுமன்று. முன்னறிந்து காக்கும் ஆட்சிக்கடமையுமாகும்.